நானும் ஒரு மேயர்தாங்க!

தங்கமணியும் பையனும் தூங்கின பிறகு நான் மேயர் ஆகிவிடுவேன். 'சிம்சிட்டி 4'. 2003-ல் வந்த ஆட்டம், இன்னும் விட்டபாடில்லை. "நாப்பத்தஞ்சு வயசுல வீடியோ கேமா?" என்பார் தங்கமணி. கேம் இல்லைம்மா, நகர நிர்வாகம் என்று சமாளிப்பேன். :-)

சும்மா சொல்லவில்லை. வரியை ஏற்றினால் ஆள் வர மாட்டான், குறைத்தால் கஜானா காலி. பள்ளிக்கூடத்துக்கு நிதியை வெட்டினால் வாத்தியார்கள் ஸ்ட்ரைக்! காலேஜ் எகனாமிக்ஸில் மண்டையில் ஏறாதது இதில் ஏறியது. கல்வி விளையாட்டு என்று அட்டையில் போட்டு வந்த சிடியெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

இதை உருவாக்கிய வில் ரைட், 1984-ல் குண்டு போடுகிற ஆட்டம் ஒன்று செய்தவர். தீவுகளை அழிப்பதைவிட அவற்றைக் கட்டுவதுதான் அவருக்கு ஜாலியாக இருந்ததாம். ஜே ஃபாரஸ்டர் 1969-ல் எழுதிய நகர இயக்கம் பற்றிய புத்தகத்தையும் படித்தார். 1989-ல் முதல் சிம்சிட்டி வந்தது.

போன மாதம் வரை இந்த ஆட்டத்துக்கு நான் கொ.ப.செ. அப்போதுதான் இங்கே புனேயில், எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் மாவஷியின் வீடு, ரோடு அகலப்படுத்துவதில் போய்விட்டது. இப்போது இரண்டு பஸ் மாறி வருகிறார். பையன் (11 வயது, என் சிஷ்யப்பிள்ளை) கேட்டான்: "ஏம்ப்பா, இடிச்சா வேற ஏரியால தானா வீடு வந்துருமே?"

பதில் சொல்ல வரவில்லை. அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே. புல்டோசரை க்ளிக்கினால் வீடு காணாமல் போகும், யாரும் அழ மாட்டார்கள். 2013-ல் வந்த சிம்சிட்டியில், நிஜ அளவுக்கு பார்க்கிங் வைத்தால் ஊர் பார்க்கச் சகிக்காது என்று, எல்லாம் தரைக்கு அடியில் இருப்பதாகப் பாவித்துக்கொண்டார்கள். கண்ணை உறுத்துவதை மறைத்துவிட்டுத்தான் பாடம் நடத்துகிறது.

அதற்காகத் தடை போடச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிள்ளையைத் தனியாக ஆட விட்டதுதான் என் தப்பு. இப்போது பக்கத்தில் உட்காருகிறேன். புது விதி ஒன்றும் போட்டிருக்கிறேன்: ஒரு வீட்டை இடிக்கும் முன் வேறு இடத்தில் அதே அளவு நிலம் ஒதுக்கி, பஸ் ஸ்டாப்பும் வைக்க வேண்டும்.

பயல் கடுப்பில் இருக்கிறான். அவனுடைய நெடுஞ்சாலை மூன்று வாரமாகப் பாதியில் நிற்கிறது. கஜானாவில் காசில்லையாம்.