மூன்று அங்குலப் பனியில் காற்றாடி

தமிழில் பனி என்று சொல்லிவிட்டால் கேட்பவர் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். புல் நுனியில் நிற்பதும் பனி, மார்கழிக் காலையில் எதிர் வீட்டை மறைப்பதும் பனி, காஷ்மீரில் கொட்டுவதும் பனி. முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவங்களையே ஒதுக்கி வைத்திருக்கிறோம். இரண்டிலும் சறுக்க முடியாது. மராத்தியில் இந்தச் சிக்கல் இல்லை. தவ், துகே, பர்ஃப் என்று மூன்றுக்கும் தனித்தனிச் சொல். கனடாவுக்குப் போன யாழ்ப்பாணத்துக்காரர்கள் வம்பே வேண்டாம் என்று "ஸ்னோ கொட்டுது" என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் கட்சிதான் நானும்.

ஆகுர்டியில் எங்கள் காலனியில் குடியிருக்கும் திருநெல்வேலி இளைஞர் ஒருவருக்கு ஸ்னோகைட்டிங் பைத்தியம் பிடித்திருக்கிறது. சாக்கன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை. குளிர்காலத்தில் 10 டிகிரிக்கு இறங்கினாலே குரங்குக் குல்லாய் தேடுகிற ஊரில் இருந்துகொண்டு, ஒன்றரை வருடம் பணம் சேர்த்து, குல்மார்க் போவதற்கு விடுப்பும் சொல்லிவைத்துவிட்டார். காலில் ஸ்னோபோர்டு, இடுப்பில் கட்டிய பட்டையிலிருந்து 20, 25 மீட்டர் நீளத்துக்குக் கயிறுகள், அவற்றின் முனையில் ஆளைவிடப் பெரிய காற்றாடி. காற்று இழுக்கும், நீங்கள் சறுக்குவீர்கள். சரிவு தேவையில்லை. காற்று ஒத்துழைத்தால் மேட்டில்கூட ஏறலாம்.

புது விஷயமும் அல்ல. சாமுவேல் கோடி என்பவர் 1903இல் காற்றாடி இழுத்த படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். நார்வேக்காரர் போர்கே ஔஸ்லான் 1996 நவம்பரில் கிளம்பி 1997 ஜனவரிக்குள் அன்டார்க்டிகாவைத் தனியாகக் குறுக்கே கடந்தபோது, காற்று சாதகமான நாட்களில் அவரையும் அவர் வண்டியையும் இழுத்தது காற்றாடியைப் போன்ற ஒரு பாய்தான்.

"அக்கா, மூணு இஞ்ச் பனி இருந்தா போதுமா?" என்பதுதான் இளைஞரின் கேள்வி. ஏன் கேட்கிறார் என்பது செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். 2024 ஜனவரியில் குல்மார்க் மொட்டையாய்க் கிடந்தது. டிசம்பர் 21இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் 'சில்லாய் கலான்' என்கிறார்கள்; பனி கொட்ட வேண்டிய அந்த நாட்களில் பழுப்புப் புல்தான் தெரிந்தது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைக் கொண்டுவரும் மேற்கத்திய இடையூறுகள் அந்தப் பருவத்தில் வலுவாக வரவில்லை. மாதக் கடைசியில்தான் பனி இறங்கியது. 2025இல் பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் குல்மார்க் கட்டத்தையே பனி போதாமல் தள்ளிவைத்து, மார்ச் 9 முதல் 12 வரை நடத்தினார்கள்.

மூன்று அங்குலம் என்பது காதுக்குத்தான் மூன்று அங்குலம். புதிதாய்ப் பெய்த 10 சென்டிமீட்டர் பனியை உருக்கினால் கிடைப்பது சுமார் 1 சென்டிமீட்டர் தண்ணீர். மீதியெல்லாம் காற்று. அதன்மேல் ஓர் ஆள் ஏறி நின்றால் என்ன மிஞ்சும்? ஆகவே பனியின் ஆழத்தை விட முக்கியமான கேள்வி, அடியில் என்ன இருக்கிறது என்பதுதான். வெட்டிவிட்ட புல்வெளி என்றால் கொஞ்சம் பனியிலும் பலகை ஓடும். இந்த விஷயத்தில் குல்மார்க்குக்கு ஓர் அதிர்ஷ்டம்: சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தக் கிண்ணத்தின் நடுவே பனிக்கு அடியில் இருப்பது கோல்ஃப் மைதானம். கோண்டோலாவில் ஏறிப்போகும் அஃபர்வத் சரிவுகள் அப்படியல்ல. அங்கே அடியில் பாறை. பலகையின் அடிப்பரப்பு வெறும் பாலிஎதிலீன். ஒரு கூர்க்கல் போதும், உழுதுவிடும். அந்தக் கீறலை அதே பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி அடைக்கலாம். முழங்காலை அப்படி அடைக்க முடியாது.

மெல்லிய பனியில் ஸ்கீயை விட ஸ்னோபோர்டு ஒரு படி மோசம் என்பது என் கட்சி. ஸ்கீக்காரருக்கு இரண்டு கால்களும் தனித்தனி. வெறும் தரை வந்தால் ஒரு காலைத் தூக்கி வைத்தாவது தாண்டப் பார்ப்பார். ஸ்னோபோர்டில் இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டியாயிற்று. அகலமான பலகை ஆழப் பனியில் மிதக்கும் என்பதுதான் அதன் பெருமை. ஆழமே இல்லாத இடத்தில் அந்தப் பெருமையை என்ன செய்வது? இன்னொன்று: காற்றாடி உங்களைப் பக்கவாட்டில் காற்றின் போக்கிலேயே இழுத்துக்கொண்டிருக்கும். அதை எதிர்த்து நிற்பது பலகையின் எஃகு விளிம்பு பனிக்குள் பதிவதால்தான். பதியப் பனி இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டே போகவேண்டியதுதான். போகிற வழியில் ஒரு புல் திட்டு வந்தால் பலகை நிற்கும். காற்றாடி நிற்காது.

அந்த இழுப்பை நம்மவர்கள் பட்டம்தானே என்று நினைத்துவிடக்கூடாது. காற்றின் வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு. 2021 டிசம்பரில் பருத்தித்துறையில் சிலர் சேர்ந்து பெரிய பட்டம் ஒன்றை ஏற்றினார்கள். மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரைப் பட்டம் தென்னை உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது. உயிர் பிழைத்தது பெரிய விஷயம். பொங்கல்தோறும் பக்கத்து வல்வெட்டித்துறையில் பட்டத் திருவிழா நடத்தும் மண் அது. பட்டம் தெரியாதவர்கள் அல்ல. ஸ்னோகைட்டிங்கில் காற்றாடியைச் செயலிழக்கச் செய்யும் விடுவிப்பு இருக்கிறது. கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேடி எடுக்கப் பழகாதவர் பனியில் இறங்கவே கூடாது.

காற்றிலும் ஒரு கணக்கு உண்டு. குளிர்ந்த காற்று கனம் என்பது சரி. ஆனால் உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், குல்மார்க் காற்று ராமேஸ்வரம் காற்றை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு லேசு. அதே இழுப்புக்கு அங்கே பெரிய காற்றாடி வேண்டும். போதாக்குறைக்கு மலைக்கிண்ணத்தில் காற்று நினைத்தபோது வரும், நினைத்தபோது திசை மாறும்.

ராமேஸ்வரத்தைச் சும்மா இழுக்கவில்லை. நம் நாட்டில் கைட்சர்ஃபிங் கற்றுத்தரும் முக்கியமான இடங்களில் அது ஒன்று. ஆழமில்லாத தண்ணீர், வடகிழக்குப் பருவத்தில் ஒரு காற்று, தென்மேற்கில் இன்னொன்று. விழுந்தால் தண்ணீர். காற்றாடியை அங்கே கற்றுக்கொண்டு, பலகையைப் பனியில் தனியாகக் கற்றுக்கொண்டு, பிறகு இரண்டையும் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம் என்று இளைஞரிடம் சொன்னேன். "அங்க போக ஊர்லயே இருந்திருக்கலாமே அக்கா" என்று சலித்துக்கொண்டார். நியாயம்தான். ஆகுர்டியிலிருந்து லோணாவளா லோக்கலில் ஏறினால் வழியில் காம்ஷேத் வருகிறது. பாராகிளைடிங் பழகுகிறவர்கள் ஆளுயர மூட்டைகளோடு இறங்குவதைப் பார்க்கலாம். ஸ்னோகைட்டிங்கில் பலர் பயன்படுத்தும் காற்றாடியும் அதே ஜாதிதான்: அறை அறையாகத் தைத்த துணி, வாய் வழியே காற்று புகுந்து உப்பும். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் சின்னப் பயிற்சிக் காற்றாடி ஒன்றை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார். நைலான் மாஞ்சாவைப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் தடை செய்ததெல்லாம் அக்கம்பக்கத்தாருக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டு பேர் வந்து கயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

குல்மார்க்கில் இருப்பவர்களுக்கு இது விடுமுறைப் பிரச்சினை அல்ல. ஸ்கீ கற்றுத்தருபவர், பூட்ஸ் வாடகைக்கு விடுபவர், சுற்றுலாப் பயணியை ஸ்லெட்ஜில் உட்காரவைத்து இழுப்பவர் எல்லாருக்கும் வருடச் சம்பாத்தியத்தில் பெரும் பங்கு அந்தச் சில வாரங்களில்தான். 2022 பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் தனியொருவராகப் போட்டியிட்ட ஆரிஃப் கான் அந்தப் பகுதிக்காரர். அவர் தந்தை நடத்தியதும் ஸ்கீ கடைதான். பனி குறைந்த வருடத்தில் "இதுவே போதும், வாருங்கள்" என்று சொல்லத் தோன்றுவது இயற்கை. அதனால்தான் எந்த மட்டத்தில் எத்தனை அங்குலம், அடியில் புல்லா கல்லா என்பதை அரசே தினமும் அறிவிக்க வேண்டும் என்கிறேன். மழையளவைப் பேட்டை பேட்டையாகச் சொல்லத் தெரிந்த நாட்டுக்கு இது கஷ்டமான காரியம் இல்லை.

இளைஞர் ஜீலம் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை மார்ச்சுக்கு மாற்றிவிட்டார். காற்றாடியை எடுத்துப் போகவில்லையாம். முதல் தடவை பலகை மட்டும்.