வர்த்தமானிக்குத் தெரியாத வன்னி

1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1 இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனியாக எழுந்தது. முப்பது வருசக் காத்திருப்பு. நாங்களும் சந்தோசப்பட்டோம்தான். ஆனால் பிறந்தபோது அதன் கையில் இருந்த பீடங்களை எண்ணிப் பாருங்கோ: பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள். கலைப்பீடம் இல்லை.

வன்னிப் பிள்ளையள் உயர்தரத்தில் என்ன படிக்கினம்? விஞ்ஞானப் பிரிவு இருந்தால்தான் அது 1ஏபி பாடசாலை. இல்லாவிட்டால் 1சி. கிராமப்புறங்களில் உயர்தரம் இருக்கிற பாடசாலைகள் பெரும்பாலும் 1சிதான். அங்கே வர்த்தகம் இருக்கும், அதுக்கும் ஆசிரியர் வந்தால். மிச்சம் கலை. ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் படித்த பிள்ளைக்கு, வீட்டுக்குக் கிட்ட இருக்கிற பல்கலைக்கழகத்தின் கதவு பெரும்பாலும் பூட்டு. அவள் (பெரும்பாலும் அவள்தான்) யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ பெட்டி கட்ட வேணும். அறை வாடகையை ஆர் கட்டுறது?

இது தற்செயல் இல்லை. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி, பல்கலைக்கழகம் வர்த்தமானிக் கட்டளையால் பிறக்கிறது. எந்தக் கற்கைநெறிக்கு எத்தனை பேர் என்பதைப் பல்கலைக்கழகத்தைக் கலந்து பேசி மானியங்கள் ஆணைக்குழு தீர்மானிக்கிறது. சுற்றியுள்ள பாடசாலைகளைக் கேட்க வேணும் என்ற கட்டாயம் எங்கே?

‘கலை படிச்சு என்ன வேலை?’ எண்டு உடனே கேட்பார்கள். அப்பிடியெண்டால் முதலில் 1சி பாடசாலைகளுக்கு ஆய்வுகூடத்தையும் ஆசிரியரையும் குடுங்கோ. அதைச் செய்யாமல் பீடத்தை மட்டும் மறுப்பது, சமையலுக்கு அரிசி தராமல் சோறு எங்கே எண்டு அதட்டுற மாதிரி. கலைப்பீடம் இல்லாததால் பிள்ளையள் கலையை விடவும் இல்லை, தூரம்தான் கூடியது.

இன்னொன்று. வெடுக்குநாறிமலையிலும் குருந்தூர்மலையிலும் தொல்லியல் திணைக்களம் எல்லை போடுது. யாருடைய வரலாறு என்ற வழக்கு நீதிமன்றம் வரை போகுது. அந்த மண்ணில் எழும்பின பல்கலைக்கழகத்துக்கு வரலாறும் தொல்லியலும் படிப்பிக்கிற பீடம் தேவையில்லை எண்டு ஆர் முடிவெடுத்தது? குளங்களை நம்பி வாழ்கிற, இடம்பெயர்ந்து திரும்பின சனத்தின் நடுவே புவியியலும் சமூகவியலும் ஆடம்பரமா?

நாங்கள் கேட்பது கட்டடம் மட்டுமில்லை. பீடங்களைத் தீர்மானிக்கும்போது அந்தப் பிரதேசத்தில் எந்தப் பிரிவில் எத்தனை பேர் உயர்தரம் எழுதுகினம் என்ற கணக்கையும், எடுத்த முடிவுக்கான காரணத்தையும் வெளியிட வேணும் எண்டு சட்டத்தைத் திருத்துங்கோ. மூன்று மொழியிலும் வெளியிடுங்கோ. தமிழில் முதலே வந்தால் இன்னும் நல்லது.