இடிக்கு இடமில்லாத ஏடு



திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி நின்று பாருங்கள். வடக்கே ஆந்திரம், தெற்கே தமிழகம். போராட்டத்தின் பயனாய், 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், சென்னை மாநிலத்தோடு இணைந்த ஊர் இது. அன்று எல்லைக் கல் நாட்டினார்கள். இடி அந்தக் கல்லை மதிப்பதுண்டா? வடபுறத்து ஓட்டையும் பிளக்கிறது. தென்புறத்து ஓலையையும் எரிக்கிறது!

தான் பாயும் வழியில் காற்றைச் சுமார் 30,000 டிகிரிக்குக் கொதிக்க வைக்கும் கொடுந்தீ அது. சுவருக்குள் ஒளிந்திருக்கும் ஈரம் நொடியில் ஆவியாகிச் செங்கல்லைச் சிதறடிக்கும். 2022ஆம் ஆண்டில் மட்டும் 2,887 உயிர்களை மின்னல் குடித்தது. சொன்னவர் யார்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகம்!

சாவைக் கணக்கெழுதிய அதே டில்லி, அதே 2022இல் பேரிடர் நிவாரண விதிகளையும் வெளியிட்டது. பட்டியலில் 12 இடர்கள். பனிச்சரிவு உண்டு. குளிர் அலை உண்டு. பூச்சித் தாக்குதலுக்கும் இடம் உண்டு. மின்னலுக்கு? இல்லை! பட்டியலை விரிவாக்கச் சொல்லி மாநிலங்கள் கேட்டன. 15ஆவது நிதிக் குழு மறுத்தது. பூச்சிக்குக் கிடைத்த நாற்காலி இடிக்குக் கிடைக்கவில்லை! வேண்டுமானால் மாநிலமே அறிவித்து, நிவாரண நிதியில் 10 விழுக்காட்டுக்குள் செலவிட்டுக்கொள்ளலாமாம். ஒடிசா 2015இல் அவ்வாறே அறிவித்தது. கூடத்தில் இடமில்லை, திண்ணையில் படுத்துக்கொள் என்பது போன்ற கருணை இது.

நாடகக்காரன் நான், ஒரு காட்சியைக் கற்பனை செய்கிறேன்.

"ஐயா, இடி விழுந்து என் கூரை போயிற்று."

"எரிந்ததா, வெடித்ததா?"

"வெடித்தது ஐயா."

"அடடா! எரிந்திருந்தால் தீ என்று எழுதியிருக்கலாமே!"

சிரிக்கிறீர்களா? உரையாடல் கற்பனை, ஆனால் அந்த 12இல் தீ இருக்கிறது என்பது கற்பனையன்று. ஏழை தன் கூரை எரிய வேண்டுமென்று வேண்டிக்கொள்ள வேண்டுமா? அப்படியே எரிந்தாலும், பகுதி சேதமடைந்த கச்சா வீட்டுக்கு அவ்விதி வகுத்த தொகை 4,000 ரூபாய். கல் வீட்டுக்கு 6,500!

"காப்பீடு இருக்கிறதே!" என்பார் கனவான். இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டிய பாரத் கிரஹ ரக்ஷா பத்திரம், மின்னலைப் பெயர் சொல்லியே ஏற்கிறது. வரவேற்கிறோம். ஆனால் விலக்குகள் உள்ள பக்கத்தைப் புரட்டுங்கள்: மின் அழுத்தம் மிகுந்தோ மின்கசிவாலோ கெட்ட கருவிக்கு இழப்பீடு இல்லை, எக்காரணத்தால் கெட்டாலும் இல்லை, அடைப்புக்குறிக்குள், மின்னலும் அடக்கம்! கூரை பிளந்தால் பணம். கம்பி வழியே புகுந்து மின்விசிறியைக் கருக்கினால் கைவிரிப்பு. அந்தக் கருவியிலிருந்து தீ பரவி வீடு எரிந்தால் வீட்டுக்கு உண்டு, கருவிக்கு இல்லை. முன்பக்கம் கொடுத்ததை அடைப்புக்குறி பறித்துக்கொள்கிறது!

ஆகவே தோழர்களே, உங்கள் தெருவில் இடி விழுந்தால் முதலில் உயிர்களைப் பாருங்கள். பின், இடிபாட்டை அள்ளுமுன் படம் எடுங்கள். அன்றே வட்டாட்சியருக்கு ஒரு மனு. பத்திரம் இருந்தால் நிறுவனத்துக்கு ஒரு கடிதம். மதிப்பீட்டாளர் வந்தால் அவர் அறிக்கையின் படியைக் கேளுங்கள். மறுத்தால், எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம்.