சுயமரியாதைத் திருமணத்தை ஏற்ற மாநிலம் தயங்கலாமா?

தன்பாலீர்ப்பாளர் உரிமையைப் பற்றி எழுதும்போதெல்லாம் 2018 செப்டம்பர் 6-ஐத்தான் கொண்டாடுகிறோம். தன்பாலுறவைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவின் பல்லை உச்ச நீதிமன்றம் பிடுங்கிய நாள் அது. 1860-இல் ஆங்கிலேயர் எழுதிவைத்த பிரிவை 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் முடக்கியது. 2013-இல் உச்ச நீதிமன்றமே அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. பாதிக்கப்படுவோர் மிகச் சிறு எண்ணிக்கையினர் என்பது அப்போது சொன்ன காரணங்களுள் ஒன்று. அடிப்படை உரிமைக்குத் தலைகளை எண்ணும் வழக்கம் எங்கிருந்து வந்ததோ!

சரி, குற்றம் போயிற்று. உறவு என்ன ஆனது? திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்று 2023 அக்டோபர் 17 அன்று, தன்பாலினத் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் சொல்லிவிட்டார்கள். இருபது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த இருவரில் ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தால், அறுவை சிகிச்சைப் படிவத்தில் கையெழுத்துப்போட அவரைத் தலைமுழுகிய அண்ணனைத்தான் தேடுவார்கள்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் பாதை இங்கேதான் முக்கியமாகிறது. 2019-இல் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணமகள் திருநங்கையாகவும் இருக்கலாம் என்றது. பெற்றோருக்கு அஞ்சி வீட்டைவிட்டு வந்த இரு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பைப் பற்றித் தனக்குத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே 2021-இல் உத்தரவிட்டார். நீதிபதி நாற்காலியில் இருப்பவர் அப்படிச் சொல்வது எளிதல்ல. 2023 நவம்பரில் அவரே, இணைந்து வாழ்வோர் பதிவுசெய்துகொள்ளக் குடும்ப உறவு ஆவணம் ஒன்றை உருவாக்குவது பற்றி ஆராயுமாறு மாநில அரசிடம் சொன்னார். 2025 மே மாதம் இன்னோர் அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல என்றது.

அந்த ஆவணத்தை உருவாக்குவது மாநிலத்தின் கைக்கு எட்டாத வேலை என்பவர்களுக்கு 1967 நினைவிருக்க வேண்டும். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1950-களில் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அண்ணா அரசு சட்டத்தைத் திருத்தி, முன்பே நடந்துமுடிந்த திருமணங்களையும் சேர்த்து ஏற்றது. மக்கள் வாழ்ந்துகாட்டிய பிறகு சட்டம் பின்னால் வந்தது. இப்போது கேட்பதோ அதைவிடச் சிறியது, திருமணம்கூட அல்ல.

கூட்டு வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை ஆகியவற்றுக்கு 2024-இல் மத்திய அரசு வழிவிட்டது உண்மைதான். ஆனால் அவை வெறும் சுற்றறிக்கைகள். பதிவுத்துறையில் பதிவான ஆவணம் இருந்தால், மகளைக் காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்த மாத்திரத்தில் வயதுவந்த பெண்ணை இழுத்துப்போகும் காவலரிடமும் அதை நீட்டலாம். வாரிசுரிமை, தத்தெடுப்பு எல்லாம் இதற்குள் அடங்காது. அவற்றுக்கு டெல்லியோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். மருத்துவமனைப் படிவத்துக்குக் கோட்டையே போதும்.