பதம் வரும்வரை

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் சுடுவதும் துரத்துவதும்தான் என்று எண்ணியிருந்தவன் நான். விடுமுறைக்கு வந்த மகள் என் எண்ணத்தை மாற்றினாள். "இதில் சுடுவதெல்லாம் தோசைதான்ப்பா" என்றபடி அவள் முன்னே வைத்த விளையாட்டின் பெயர் 'வெண்பா'.

கனடாவில் டொரண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் நிறுவனம் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். இவர்கள்தான் பாத்திரங்கள். வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் நோட்டு இருக்கிறது. பக்கங்கள் கிழிந்தும் கறைபட்டும் போயிருக்கின்றன. அழிந்த வரியை ஊகித்து ஆட்டக்காரர் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் எல்லாக் குழிக்கும் ஆவி போகும்? புட்டுக் குழாயில் எது முதலில்? தப்பினால் குற்றமில்லை, மறுபடி செய்யலாம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, முதல் படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது.

பெயரிலேயே எனக்கொரு ஆச்சரியம். வெண்பாவில் மற்ற அடிகளுக்கு நான்கு சீர், கடைசி அடிக்கு மட்டும் மூன்று. ஒரு சீர் குறைந்துதான் முடியும். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஏதோ ஒன்று குறைந்துபோகிற இந்தக் குடும்பத்துக்கு, யோசித்து வைத்தார்களோ இல்லையோ, பொருத்தமான பெயர்.

வளர்ந்த கவின் பாட்டியின் நோட்டைத் திறந்து தமிழ் எழுத்துகளோடு தடுமாறும் இடத்தில் மகள் விளையாட்டை நிறுத்தினாள். எழுந்துபோய் அலமாரியிலிருந்து என் அம்மாவின் நோட்டை எடுத்து வந்தாள். "மிளகுக் குழம்பு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

செகந்தராபாத் பத்மாராவ் நகரில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள். பள்ளியில் படித்த தெலுங்கைக் கடகடவென்று வாசிப்பாள். 2018இல் தெலங்கானா அரசு பள்ளிகளில் தெலுங்கைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியபோது நியாயம்தான் என்று நானே எழுதியிருக்கிறேன். தமிழ் எழுத்தைச் சொல்லித்தர எந்தச் சட்டமும் என்னைத் தடுக்கவில்லை. தமிழில் முதுகலைப் பட்டம் பெற்று, மொழிபெயர்ப்பில் பிழைக்கிறவன் வீட்டு லட்சணம் இது. நேரமில்லை என்று இத்தனை வருடம் சொல்லிவந்தேன்.

"ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்களேன்" என்றாள். உட்கார்ந்தேன். 'அரை ஆழாக்கு' தாண்டிவிட்டேன். 'பதம் வந்ததும் இறக்கவும்' என்ற வரியில் பேனா நின்றது. பதம் என்றால் பக்குவம். பதம் என்றால் சொல். அம்மாவுக்கு இரண்டுமே கைவந்திருந்தன. கரண்டியிலிருந்து குழம்பு விழும் சத்தத்தில் அவர் கண்டுகொண்டதை எந்த அகராதியில் தேடுவது?

மொழிபெயர்ப்பைக் கைவிட்டேன். ஞாயிறுதோறும் ஒரு பக்கத்தை மகளே எழுத்துக்கூட்டி வாசிப்பது, வாசித்ததைச் சமைப்பது என்று ஏற்பாடு. முதல் பக்கத்துக்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. 'ள'வும் 'ழ'வும் பாடாய்ப் படுத்தின. உப்பின் அளவு எழுதியிருந்த இடத்தில் எண்ணெய்க் கறை.

"இங்கே எவ்வளவுப்பா?"

எனக்கும் தெரியவில்லை. கேட்டிருக்கலாம், அம்மா இருந்தவரை. மகள் ஒரு கரண்டி போட்டு, நக்கிப் பார்த்து, இன்னொரு அரை போட்டாள். அந்த அளவைக் கறைக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்தாள். தமிழில்தான். 'கரண்டி'யில் ஒரு சுழி அதிகம். நான் திருத்தவில்லை.