வைப்பதை உண்ணுங்கள்

மறைப்பணிப் பயிற்சிக்கென இரு வாரங்கள் மணிலா சென்று திரும்பிய எம் பங்கு இளைஞர் ஒருவர், அங்கு எடுத்த படங்களைக் காட்டினார். "அம்மக்களின் வீட்டில் என்ன சாப்பிட்டீர், தம்பி?" என்றேன். "நாங்கள் விடுதியில்தான் தங்கினோம், ஃபாதர்" என்றார்.

அவரைக் குறைகூற மனம் வரவில்லை. ஆயினும், எழுபத்திரண்டு பேரை அனுப்பிய ஆண்டவர், ஒரே வீட்டில் தங்கி, வைப்பதை உண்ணும்படி பணித்தாரே! நோயாளரைக் குணமாக்கும் கட்டளைகூட அதற்குப் பின்னரே வருகிறது (லூக்கா 10:7-9).

1948இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலிருந்து மட்டக்களப்புக்கு வந்த இயேசு சபை இளைஞர்களான யூஜின் ஹேபர்ட்டும் பென்ஜமின் ஹென்றி மில்லரும் அப்படித் தங்கியவர்கள். புனித மிக்கேல் கல்லூரி மாணவர்க்குக் கூடைப்பந்து பயிற்றிய ஹேபர்ட் அடிகளார், 1990 ஆகஸ்ட் 15, அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவன்று, போர்ச் சூழலில் வாழைச்சேனையிலிருந்து புறப்பட்டார். மட்டக்களப்பு வந்து சேரவில்லை. உடன் சென்ற தமிழ் இளைஞரும் திரும்பவில்லை. காணாமற்போனோரின் குடும்பங்களுக்காகக் குரல் கொடுத்த மில்லர் அடிகளார், 2009இல் ஓய்வுக்கெனத் தாயகம் சென்றும், அங்கிருக்க மனமின்றி மீண்டு வந்து, 2019 சனவரி 1 அன்று இங்கேயே கண்மூடினார்.

இரு வாரங்களில் இதை எதிர்பார்ப்பது அறிவீனம். ஆனால், பயணத்தின் பயனை ஊர் திரும்பிய பின்னரே அளக்க வேண்டும் என்பேன். மணிலாவின் குடிசைகளைப் படமெடுத்த அதே இளைஞர், நம் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஓர் இரவும் தங்கியதில்லை. (நம்மில் எத்தனை பேர் தங்கியிருப்போம்?)

அங்குள்ள குடும்பம் ஒன்று வரும் சனிக்கிழமை அவரை உணவுக்கு அழைத்திருக்கிறது, என்னையும்தான்.