லேபிளை நம்பிக் கை வைக்காதீர்கள்

இந்த மாதம் தண்டவாளத்தோரம் சிக்னல் ஒயர்கள் இணையும் லொகேஷன் பாக்ஸுக்குள் இருக்கும் லேபிளைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

2023 ஜூன் 2, பாலசோர் அருகே பாஹாநாகா பஜார். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் பச்சை விழுந்திருந்தது. ரயிலைத் தடம் மாற்றும் பாயிண்ட் மட்டும் லூப் லைன் பக்கம் திரும்பி நின்றது. மணிக்கு 128 கி.மீ. வேகத்தில் போய், நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிலையத்தின் பேனலில் அந்த பாயிண்ட் 'நார்மல்', அதாவது மெயின் லைன் பக்கம், என்றே காட்டிக்கொண்டிருந்தது.

அன்று 94-ஆம் எண் லெவல் கிராசிங் கேட்டில் பேரியர் மாற்றும் வேலை. அங்கிருந்த பாக்ஸில் ஒயர்களின் லேபிள் பல வருடமாகவே தப்பு, யாரும் கவனிக்கவில்லை; அதனால் ஒயரிங்கும் தப்பானது. பாஹாநாகா இருக்கும் அதே கரக்பூர் டிவிஷனில், பாங்க்ரா நயாபாஜ் நிலையத்தில், 2022 மே 16-ஆம் தேதியே தப்பான ஒயரிங்கால் ஒரு சம்பவம் நடந்திருந்தது. அப்போதே சரிசெய்திருந்தால் பாஹாநாகா நடந்திருக்காது என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சொல்கிறது. அந்த வரியைப் படித்துவிட்டு சிக்னல் வேலை பார்க்கும் நம்மில் யாருக்குத் தூக்கம் வரும்?

லண்டன் கிளாப்பம் ஜங்ஷனில் 1988 டிசம்பர் 12 அன்று ரயில்கள் மோதி 35 பேர் இறந்ததும் ஒரு பழைய ஒயரால்தான். வெட்டி ஒதுக்காமல் விட்ட அந்த ஒயர் சிக்னலைச் சிவப்புக்குப் போகவிடவில்லை. வேலை செய்த டெக்னீஷியனுக்குப் பதின்மூன்று வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு. முடிந்தபின் வேறொருவர் வந்து ஒயர்களை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும், அது நடக்கவில்லை. ஆள் பற்றாக்குறையைப் பற்றி நாம் போடும் சத்தம் சம்பளச் சண்டை இல்லை என்பதை மேலே இருப்பவர்கள் இந்த விபத்தைப் பற்றிப் படித்தாவது புரிந்துகொள்ளட்டும்.

சர்க்யூட்டில் கை வைத்தால், அனுமதி பெற்ற வரைபடம் பக்கத்தில் இருக்கட்டும். லேபிள் என்ன சொன்னாலும் ஒயரை இரு முனையிலும் சோதியுங்கள். ஒருவர் பாயிண்ட் அருகே, இன்னொருவர் பேனலில். பாயிண்டை நார்மலுக்கும் ரிவர்ஸுக்கும் போட்டு, தரையில் தெரிவதும் பேனலில் எரிவதும் ஒன்றா என்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபாருங்கள். நடுவில் கண்ட்ரோலிலிருந்து போன் வரும், "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று. வரட்டும். சோதனை முடியாமல் சர்க்யூட்டை மீண்டும் இயக்கத்துக்கு ஒப்படைக்கும் ரீகனெக்ஷன் மெமோவில் கையெழுத்துப் போடாதீர்கள்.